ஒரு பெயரைக் குறைப்பது யார்

அமெரிக்காவைப் பற்றிப் படிக்க எதற்கு ஜெர்மனிக்குப் போகிறாய் என்று பாளையங்கோட்டையில் என்னைக் கேட்காத ஆளில்லை. சர்ச் வாசலில் கேட்டார்கள், பால்காரர் கேட்டார், பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்கூடக் கேட்டார். அமெரிக்கா என்னைக் கூப்பிடவில்லை, ஜெர்மனி கூப்பிட்டது என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொல்ல எனக்கு ரோஷம். "அங்கேதான் ஆதாரமெல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்துவிடுவேன். வேடிக்கை என்னவென்றால் அது பொய்யும் இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஹனோவரில் நான் போய்ச் சேர்ந்த வரலாற்று ஆய்வுக்கூடத்தில், பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் விவசாயிகளுக்காக அந்தக் காலத்தில் அச்சான ஜெர்மன் செய்தித்தாள்களின் படச்சுருள்கள் அலமாரி நிறைய இருந்தன. அமெரிக்காவில் கட்சி என்ற ஒன்று முளைத்த அதே பத்துப் பன்னிரண்டு வருஷங்களின் செய்தித்தாள்கள். நாட்டின் முதல் ஜனாதிபதி பதவியை விட்டுப் போகும்போது கட்சிகட்டிக்கொண்டு அடித்துக்கொள்ளாதீர்கள் என்று நாட்டு மக்களுக்குக் கடிதம் எழுதினார். அவர் வண்டி ஏறுவதற்குள் கட்சிகள் இரண்டாகிவிட்டன. மத்திய அரசு பலமாக இருக்க வேண்டும் என்றது ஒன்று, மாநிலங்களின் கையில் விட வேண்டும் என்றது இன்னொன்று. ஊருக்கு இரண்டு செய்தித்தாள், செய்தித்தாளுக்கு ஒரு கட்சி. ஜெர்மன் விவசாயிகள் முதலில் மத்திய அரசுக் கட்சியின் பக்கம்தான் இருந்தார்கள். வீட்டு வரி போடுகிறேன் என்று அதிகாரிகள் வந்து சன்னல்களை எண்ணத் தொடங்கியதும், வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்து வெந்நீரை ஊற்றினார்கள். அதற்கடுத்த தேர்தலில் அந்த விவசாயிகளின் ஓட்டு பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. வெந்நீர் ஊற்றிய அந்தப் பெண்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுக்காகவே ஆராய்ச்சி செய்யலாம் என்று தோன்றியது.

முதல் நாள் என் பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மெலிந்த, சிரிக்காத மனிதர்.

"பழைய அச்செழுத்து வாசிக்க வருமா உங்களுக்கு?"

"வரும்" என்றேன்.

எனக்கு ஜெர்மன் தெரியும். சென்னையில் இரண்டு வருஷம் படித்தது. ஆனால் நான் படித்தது நம் ஆங்கிலப் புத்தகம் போன்ற உருண்டை எழுத்தில் அச்சான ஜெர்மன். பழைய அச்சு எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. அது முறுக்குப் பிழிந்த மாதிரி இருக்கும். அந்த ஒரு "வரும்" என்ற சொல்லை நம்பித்தான் எனக்கு இடமும் உதவித்தொகையும் உறுதியாயின. பேராசிரியர் அதைக் கோப்பில் குறித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கணப்பை அணைத்துவிடுவாள். ஆண்கள் யாரும் படியேறக் கூடாது என்பது அவளுடைய இன்னொரு சட்டம். ஆகவே ஞாயிறு மத்தியானங்களில் நான் செய்தித்தாள்களின் நகல் தாள்களை அள்ளிக்கொண்டு ரயில் நிலையக் காத்திருப்பு அறைக்குப் போய்விடுவேன். அங்கே சூடு உண்டு, ஒரு தேநீர் வாங்கினால் யாரும் எழுப்ப மாட்டார்கள். முதல் மாதம் முழுக்க ஒரே பக்கத்தோடு மல்லுக்கு நின்றேன். ஒரு நாள் பொறுமை போய், "கட்டையில போற எழுத்து!" என்று தமிழில் சத்தமாகத் திட்டியேவிட்டேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "தங்கச்சி, அதை எஃப் எண்டு வாசிச்சா ஒண்டும் விளங்காது. அது எஸ். நடுவில குறுக்குக் கோடு முழுசா இருந்தாத்தான் எஃப்."

திரும்பிப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம், அவ்வளவுதான். ஹனோவரில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக்கோக்கும் தொழில் பழகிக்கொண்டிருந்தார். அந்த அச்சகத்து முதலாளி பழைய எழுத்துப் பெட்டிகளை இன்னும் வைத்திருந்தார், மதுக்கடை விலைப்பட்டியலுக்கும் தேவாலயப் பாட்டுத் தாளுக்கும் அதுதான் அழகு என்று. வேலை முடிந்ததும் அந்த எழுத்துகளைப் பிரித்து அவற்றின் அறைகளில் போடுவது இவர் வேலை. ஆகவே ஒவ்வொரு எழுத்தும் அவருக்கு முகம் பார்த்த பழக்கம். ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஜெர்மனில் என்ன சொல்லியிருக்கிறது என்பது அவருக்குப் புரியாது. அவர் எழுத்தை வாசிப்பார், நான் அர்த்தம் சொல்வேன். ஊரில் எல்லாத் தமிழரும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக, ஞாயிறு தவறாமல், அந்தக் காத்திருப்பு அறையில் அவர் எனக்கு வாசித்துக் கொடுத்தார். வாரம் ஆறு நாளும் எழுத்தோடு மாரடிக்கிற மனிதர், ஏழாவது நாளும் வந்து எழுத்தைப் பார்த்தார். ஒரு தடவைகூட, இதனால் எனக்கென்ன என்று அவர் முகத்தில் நான் கண்டதில்லை. மெல்ல மெல்ல எனக்கும் வாசிக்க வந்தது. ஆனால் என் முதல் இரண்டு அத்தியாயங்களில் உள்ள மேற்கோள்களில் பாதிக்கு மேல் அவர் கண்ணால் வாசித்தவை. இது பேராசிரியருக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த "வரும்" பொய்யாகிவிடும், என்னை மூட்டைகட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் பயந்தேன்.

மூன்றாவது அத்தியாயத்தில்தான் வண்டி சேற்றில் இறங்கியது.

அது 1800ஆம் ஆண்டுத் தேர்தல். அந்தக் காலத்து முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கள் நேரடியாக ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் சில வாக்காளர்களைத் தேர்ந்தெடுக்கும். அந்த வாக்காளர் ஒவ்வொருவரும் தாளில் இரண்டு பெயர் எழுத வேண்டும். இவர் ஜனாதிபதி, இவர் துணை என்று பிரித்து எழுதக் கூடாது. அதிகப் பெயர் விழுந்தவர் ஜனாதிபதி, அடுத்தவர் துணை. கட்சிகள் இல்லாதவரை இது நன்றாகத்தான் ஓடியது. கட்சி வந்ததும் கட்சிக்கு இரண்டு ஆட்கள் நின்றார்கள். யார் முதல், யார் இரண்டாவது என்பது கட்சிக்காரர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தாளுக்குத் தெரியாது. ஆகவே யாராவது ஒருவர் இரண்டாமவரின் பெயரை எழுதாமல் விட வேண்டும். ஒரே ஒருவர் போதும்.

அதற்கு முந்தைய தேர்தலில் மத்திய அரசுக் கட்சிக்காரர்கள் இப்படிக் குறைக்கப் போய், ஆளாளுக்குக் குறைத்து, அவர்களுடைய இரண்டாமவர் மூன்றாமிடத்துக்குப் போய், எதிர்க்கட்சித் தலைவரே துணை ஜனாதிபதியாகிவிட்டார். அந்தச் சூடு ஆறுவதற்குள் 1800 வந்தது. அதே கட்சி இந்தத் தடவை தோற்றது, ஆனால் கச்சிதமாக ஒரே ஒரு பெயரைக் குறைத்தது. அறுபத்தைந்து, அறுபத்துநாலு. ஜெயித்த கட்சியில் ஒருவரும் குறைக்கவில்லை. தலைவருக்கும் எழுபத்துமூன்று, துணைக்கு என்று நிறுத்தியவருக்கும் எழுபத்துமூன்று. முடிவு செய்யும் பொறுப்பு மக்கள் சபைக்குப் போய், அங்கே முப்பத்தாறு தடவை ஓட்டெடுத்துத்தான் தலைவர் ஜனாதிபதியானார். அடுத்த தேர்தலுக்குள் சட்டத்தையே திருத்திவிட்டார்கள்.

ஏன் ஒருவரும் குறைக்கவில்லை? சதி, என்று நான் எழுதினேன். இரண்டாமவர் உள்ளுக்குள் ஆட்களைப் பிடித்து, குறைக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று முப்பது பக்கம் காரசாரமாக எழுதிக் கொடுத்தேன். எனக்கு இயல்பிலேயே யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால்தான் தூக்கம் வரும்.

பேராசிரியர் அத்தியாயத்தை மேசைமேல் வைத்து விரலால் தள்ளினார்.

"நன்றாகக் கோபப்பட்டிருக்கிறீர்கள். ஆதாரம் எங்கே? இரண்டாமவர் பிறகு விட்டுக்கொடுக்காமல் இருந்தார், சரி. ஆனால் அந்த எழுபத்துமூன்று பேர் தாளில் எழுதும்போது என்ன நினைத்தார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் இந்த அத்தியாயம் இல்லை."

உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பத்தோடு இந்த அத்தியாயத்தையும் இணைக்க வேண்டும். பிப்ரவரி கடைசிவரை கெடு. இல்லாவிட்டால் வசந்தம் வருமுன் கப்பல். நான் வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் நின்று அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

அந்த ஜனவரியில்தான் எங்கள் சங்கத்துத் தேர்தல் வந்தது.

சங்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஹனோவரில் அப்போது இருந்த தமிழர்கள் மொத்தம் பதின்மூன்று பேர். பொறியியல் மாணவர்கள், தொழிற்சாலைப் பயிற்சிக்கு வந்தவர்கள், அண்ணை, நான். ஒரு தேவாலயத்துக் கூடத்தைப் பொங்கலுக்குக் கேட்டோம். மாதம் ஒரு ஞாயிறு தாராளமாகத் தருகிறோம், ஆனால் உங்கள் தலைவர் யாரோ அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஜெர்மனியில் கையெழுத்து இல்லாமல் காற்றுகூட உள்ளே வராது. எங்களுக்கோ தலைவரே இல்லை. சரி, பொங்கலன்றே தேர்தல் வைத்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

யார் தலைவர் என்பதிலும் சந்தேகமில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், இயந்திரத் தொழிற்சாலையில் இன்ஜினியர், எல்லோரிலும் மூத்தவர், ஜெர்மானியரைப் போலவே ஜெர்மன் பேசுவார். அவர் தலைவர், அண்ணை துணை. இது எல்லோர் மனதிலும் இருந்தது. ஆனால் தாளில் அப்படி எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. இந்தியாக்காரர் முதல், இலங்கைக்காரர் இரண்டாவது என்று நாமே எழுதிக் கொடுப்பதா? அண்ணை மனம் என்ன பாடுபடும்? யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் நெளிந்தார்கள். கடைசியில் இன்ஜினியர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்கதான எலக்‌ஷன் எக்ஸ்பர்ட். ஆரு மனசும் நோகாத மாதிரி ஒரு ரூல் எழுதிக் குடுங்க."

எக்ஸ்பர்ட் என்று சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் தெரியாது. இரவல் வாங்கிய அந்தப் பழைய அமெரிக்க விதியை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு தாள், தாளில் இரண்டு கோடு, இரண்டு பெயர். யார் பெரியவர் என்று யாரும் எழுத வேண்டாம். எண்ணிக்கை தானே சொல்லிவிடும்.

"ரெண்டு பேருக்கும் பதிமூணு பதிமூணுன்னு விழுந்துச்சுன்னா?" என்று கேட்டார் அவர். இன்ஜினியர் அல்லவா.

"விழாது. ஒருத்தர் அண்ணை பேரை எழுதாம விடணும். அதை நான் பாத்துக்கறேன். நீங்க யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றேன்.

ஒரு நாட்டையே ஆட்டிவைத்த வியாதி எனக்குத் தெரியும், மருந்தும் என் கையில் இருக்கிறது என்ற மிதப்பு. பதின்மூன்று பேர் என்பதுகூட எனக்குப் பெருமையாக இருந்தது, அமெரிக்காவும் பதின்மூன்றில்தானே தொடங்கியது என்று.

பொங்கலன்று வெளியே முழங்கால் பனி. கடையில் கிடைத்த பால்சோற்று அரிசியிலும், வெல்லத்துக்குப் பதிலாகச் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் பாகிலும் பொங்கல் வைத்தோம். அது தார் நிறத்தில் வந்தது. ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டோம். ஐந்து மணிக்குப் பாடகர் குழு ஒத்திகைக்கு வரும், அதற்குள் கூடத்தைக் காலி செய்ய வேண்டும். மூன்றரைக்குத் தாள்களைக் கொடுத்தேன்.

என் தாளின் முதல் கோட்டில் இன்ஜினியர் பெயரை எழுதினேன். இரண்டாவது கோடு வெறுமையாக இருந்தது. அதை அப்படியே மடித்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. எதிரே அண்ணை ஒரு குழந்தைகள் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தாளை மறைத்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் கட்டாயம் தன் பெயரை எழுத மாட்டார் என்று எனக்குப் பட்டது. தன் பெயரைத் தானே எழுதுகிற மனிதரா அவர்? அவர் விட்டால் குறைய வேண்டியது குறைந்துவிடும். பிறகு நான் எதற்கு விட வேண்டும்? அத்தனை ஞாயிறு என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவரின் பெயரை, நான், இந்தக் கையால் விடுவதா? எழுதினேன். எழுதியபோது மனம் நிறைந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு பள்ளிக் கரும்பலகையில் இன்ஜினியர் பெயரையும் அண்ணை பெயரையும் எழுதி, தாளைப் பிரிக்கப் பிரிக்கக் கோடு போட்டேன். பதினொரு தாளில் இரண்டு பெயரும் இருந்தன. ஒரு தாளில் இன்ஜினியர் பெயர் மட்டும். அச்செழுத்துபோல நெட்டுக்குத்தாக நின்ற அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? அண்ணை தன் பெயரை விட்டிருந்தார், நான் நினைத்தது சரி. கடைசித் தாளைப் பிரித்தேன். அதில் அண்ணை பெயர் மட்டும், வரைபடம் போடும் பென்சிலில். இன்ஜினியரும் தன் பெயரை விட்டிருந்தார்.

பன்னிரண்டு, பன்னிரண்டு.

கூடமே சிரித்தது. இன்ஜினியர் மட்டும் என்னைப் பார்த்தார். "அம்மணி, பாத்துக்கறேன்னீங்களே?"

"நீங்க ஏன் உங்க பேரை எழுதலை?" என்று நான் பாய்ந்தேன். தப்பு என்மேல் இருக்கும்போது என் குரல் உயரும்.

"நீங்க அவரு பேரைக் கொறைக்கறேன்னு சொன்னது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சுங்க. அவரே தலைவரா இருந்துட்டுப் போகட்டுமேன்னு கணக்குப் பாக்காம என் பேரை விட்டுட்டேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒளிக்க இடமில்லை. ஒரு பெயரைக் குறைப்பதாக நான் ஏற்றுக்கொண்டதையும், அண்ணை எப்படியும் தானே குறைத்துக்கொள்வார் என்று நம்பி நான் குறைக்காமல் விட்டதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். 

அண்ணை அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழும்பாமலே சிரித்தார். "அப்ப ஒருத்தரும் ஒரு கெட்ட எண்ணமும் வைக்கேல்லை. மற்ற ஆள் செய்யும் எண்டு நீங்கள் இருந்திட்டியள். தங்கச்சி, உங்கட அமெரிக்காக்காரருக்கும் இப்பிடித்தான் நடந்ததோ?"

சுண்ணாம்புக்கட்டி என் கையிலேயே இருந்தது. அவரும் நானும் சேர்ந்து வாசித்த தாள்களில் வரிவரியாக இருந்ததுதான் அது. தெற்கே ஒரு மாநிலத்தில் ஒரு ஓட்டுக் குறையும் என்று வடக்கே எழுதியிருந்தார்கள். இல்லை, அதற்கடுத்த மாநிலத்தில் குறையும் என்று அங்கே எழுதியிருந்தார்கள். நான் அதையெல்லாம் சதியை மறைக்கும் புளுகு என்று தள்ளியிருந்தேன். குதிரையில் கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும் நாட்டில், ஒருவர் இன்னொருவரை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். எழுபத்துமூன்று நல்ல மனிதர்கள். முந்தைய தேர்தலில் எதிர்க்கட்சி குறைக்கப் போய்ப் பட்ட அடியும் கண்முன் இருந்தது. என் குற்றவாளி இல்லாமலே ஓட்டு சமமாகியிருக்க முடியும்.

ஆனால் மணி நாலரை ஆகியிருந்தது, எங்களுக்கு இன்னும் தலைவர் இல்லை. மறுபடியும் தாள் கொடுத்தேன். "இந்தத் தடவை யோசிச்சு எழுதுங்க" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். நான் இன்ஜினியர் பெயரை மட்டும் எழுதி, பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தேன். மற்றவர்களும் யோசித்திருந்தார்கள். ஒரு பெயரைக் குறைத்தாக வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு ஒன்றைக் குறைத்தார்கள். குறைத்த பிறகு அந்தக் கோட்டை வெறுமையாக விட அவர்களுக்குக் கூச்சம். பந்தியில் ஒரு இலையை வெறுமையாக விட்டமாதிரி இருந்ததாம். அதில் என் பெயரை எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பத்து, இன்ஜினியருக்கு எட்டு, அண்ணைக்கு ஏழு.

"இது செல்லாது! நான் நிக்கவே இல்லையே!" என்று கத்தினேன். அதற்குள் கூடத்துப் பொறுப்பாளர் விண்ணப்பத் தாளோடு கதவைத் திறந்துவிட்டார், அவருக்குப் பின்னால் பாட்டுப் புத்தகங்களோடு பாடகர் குழு. தலைவர் யார் என்று கேட்டார். பன்னிரண்டு விரல்கள் என்னைக் காட்டின. பிறகு ஜெர்மன் மாணவர்கள் வகுப்பில் கைதட்டலுக்குப் பதிலாகச் செய்வதுபோல எல்லோரும் முஷ்டியால் மேசையைத் தட்டினார்கள். விஷயம் தெரியாத பாடகர் குழுவும் சேர்ந்து சுவரைத் தட்டியது. நான் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி முழுவதும் அத்தியாயத்தை அடியிலிருந்து திருப்பி எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு, சிரிக்காத அந்த மனிதர், தாள்கட்டின்மேல் முஷ்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். உதவித்தொகை நீண்டது. எங்கிருந்து திடீரென்று இந்தப் புத்தி வந்தது என்று கேட்டார். பழைய தாள்களைத் திரும்ப வாசித்தேன் என்றேன். பொங்கலைப் பற்றியோ அண்ணையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எழுபதுகள் பிறந்தபோது ஆய்வேடு முடிந்தது. அதை அச்சிட்டுப் பிரதிகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தால்தான் பட்டம் கைக்கு வரும். அண்ணையின் அச்சகத்தில்தான் கொடுத்தேன். அவர் அதற்குள் பயிற்சி முடித்துத் தனியாக வேலை செய்கிறவராகியிருந்தார். எல்லாப் பக்கமும் அவரே கோத்தார். கடைசியாக நன்றிப் பக்கம். அதில் பேராசிரியருக்கு நன்றி இருந்தது, உதவித்தொகை கொடுத்தவர்களுக்கு இருந்தது, நூலகத்தாருக்கு இருந்தது, ஞாயிறு கணப்பை அணைத்த வீட்டுக்கார அம்மாளுக்குக்கூட இருந்தது. அவர் பெயர் இல்லை. ஓர் அச்சகத் தொழிலாளிக்கு எதற்கு நன்றி, அவர் என்ன செய்தார் என்று யாராவது கேட்டால், முதல் நாள் சொன்ன "வரும்" வெளியே வந்துவிடும். பட்டம் கைக்கு வரும்வரையாவது வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெய்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு அவர் காத்திருப்பு அறைக்கு வந்தார். அதே பெஞ்சு. மை பட்ட விரலைப் பக்கத்தின் அடியில் வைத்தார்.

"தங்கச்சி, இந்தப் பக்கத்தில இன்னும் ஒரு வரிக்கு இடம் கிடக்கு. ஏதும் சேர்க்கிறதெண்டாச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் இப்பிடியே முடிச்சிடுறன்."

அவர் கேட்டது எனக்கு அப்போது புரியவில்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகும். புரிந்தது. சங்கத்தின் முதல் தாளில் விட முடியாத அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"இப்படியே முடிச்சிருங்க அண்ணை" என்றேன்.

"ஓம்" என்றார். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். தேநீர் வாங்கி வந்தார், எனக்கும் சேர்த்து. பட்டம் வாங்கினதும் ஊருக்கு எழுதச் சொல்லி, அம்மா சந்தோஷப்படுவா என்று பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லில்கூட மனத்தாங்கல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வலிக்காது.

பட்டம் வந்தது. ஊருக்கு வந்தேன். வேலை, கல்யாணம், மாணவிகள், எல்லாம் அந்தப் பட்டத்தால் வந்தவை. நான் சாப்பிட்ட ஒவ்வொரு பருக்கையிலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அண்ணை பிறகு வுப்பர்டால் பக்கம் வேலைக்குப் போனார், சில வருஷம் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பினார், பிறகு அதுவும் நின்றது. அவர் கோத்துக் கொடுத்த ஆய்வேட்டில் இன்றுவரை ஓர் எழுத்துப்பிழையை நான் கண்டுபிடித்ததில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், என் பிரதியிலாவது அந்தப் பெயரைப் பேனாவால் எழுதிவிடுவோம் என்று நன்றிப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு வரிக்கு இடம் கிடக்கு என்றாரே, அந்த இடத்தைத் தேடினேன். அடியில் இல்லை, மேலேயும் இல்லை. அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தேன். மற்ற பக்கங்களைவிட அந்தப் பக்கத்தில் வரிகளுக்கு நடுவே ஒரு மயிரிழை இடைவெளி கூடுதலாக இருந்தது. ஒரு வரி குறைந்தது யார் கண்ணிலும் படாதபடி, எனக்கு எந்தச் சங்கடமும் வராதபடி, அந்த வெற்றிடத்தை எல்லா வரிகளுக்கும் நடுவில் பிரித்துவிட்டிருந்தார். பேனாவை மூடி வைத்தேன். அந்தப் பக்கத்தில் அவர் பெயரை எழுத இடமே இல்லை.